நாங்கள் வந்த நேரம்

கனடாவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்ட யாழ்ப்பாணத்தாருக்குப் பொதுவாக ஒரு வருத்தம் இருக்கிறது. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் வந்து குடியேறிய பிறகு நாலாவதாக வருவது அது. மருந்தில்லை. வாயைத் திறந்தால் "நாங்கள் வந்த நேரம்…" என்றுதான் வார்த்தை வரும்.

நம்பாதவர்கள் ஸ்காபரோவில் மார்க்கம் வீதிப் பக்கமாக ஏதாவதொரு கோப்பிக் கடைக்குள் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். ஓய்வெடுத்தவர்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு சின்னக் கோப்பியுடன் மதியம்வரை இருப்பார்கள். "நாங்கள் வந்த நேரம் உந்த றோட்டிலை ஒரு தமிழ்க் கடை இல்லை" என்பார் ஒருவர். அவருக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர், "நீர் வந்த நேரம் றோட்டாவது இருந்தது" என்பார். யார் முந்தி வந்தாரோ அவரே பெரியவர். ஊரில் ஒருவரை அளக்கக் காணி, சாதி, படிப்பு என்று பல முழக்கோல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் கைவிடாமல் வந்த வருடத்தையும் இங்கே சேர்த்துக்கொண்டோம்.

நான் 1987இல் வந்தவன். சபையில் அது நடுத்தரமான வருடம். 1983 ஆடிக் கலவரத்துக்கு முன்பே படிக்கவோ வேலைக்கோ ஒழுங்கான விசாவுடன் வந்தவர்கள் மேல்தட்டு. அவர்கள் எங்களைப் பார்த்து, "இவங்கள் வந்துதான் எங்கடை பேர் கெட்டது" என்று சொன்னதாகக் கேள்வி. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில், உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அங்கத்தைய மீனவர்கள் கரைசேர்த்தார்கள் அல்லவா, அந்த 155 பேரும் தனி வகுப்பு. அவர்களுக்கு முன்னால் எவரும் வாய் காட்ட முடியாது. நான் வந்தது விமானத்தில். ஆனாலும் தமிழன் என்று சொன்ன மறுகணம் வெள்ளைக்காரர்கள், "படகிலா வந்தாய்?" என்று கேட்பார்கள். முதலில் இல்லையென்று விளங்கப்படுத்தினேன். மறுக்காமல் சிரித்துக்கொண்டு நின்றால் ஒரு கோப்பி வாங்கித் தருகிறார்கள் என்று கண்டபிறகு விளக்கத்தை நிறுத்திக்கொண்டேன்.

1985இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அகதியென்று கேட்டு வருகிறவரின் வாக்குமூலத்தை நேரில் கேளாமல் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதன் சாரம். வழக்குக்குப் பெயர் கொடுத்தவர் ஒரு சீக்கியர். பலனை அனுபவித்தவர்களில் நாங்கள் முன்வரிசை. விமான நிலையத்தில் இறங்கியபோது எங்களுக்குத் தீர்ப்பும் தெரியாது, நீதிமன்றமும் தெரியாது. ஏஜென்சிக்காரன் பாடமாக்கி அனுப்பிய ஒரேயொரு ஆங்கிலச் சொல்லை வரிசையாகச் சொன்னோம்.

இன்று அதே விமான நிலையத்தில் கடவுச்சீட்டை ஓர் இயந்திரத்துக்குக் காட்டிவிட்டு நடக்கிறோம். சிலவேளை சீருடையில் நிற்பது எங்கள் பிள்ளையொன்று. "அங்கிள், சாப்பாட்டுச் சாமான் ஏதும் கொண்டந்தனீங்களோ?" என்று அது கேட்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அன்று வெறுங்கையோடு வந்து உண்மையைச் சொல்லப் பயந்தோம். இன்று பெட்டிக்குள் கருவாட்டை வைத்துக்கொண்டு பொய் சொல்லப் பயப்படுகிறோம்.

ரொறன்ரோவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி அந்நாளில் போய் ஒதுங்கிய இடம் வெல்லஸ்லி. பார்லிமென்ற் வீதிக்குப் பக்கத்தில் சென் ஜேம்ஸ் ரவுன் என்று நெருக்கமாக நிற்கும் மாடிக் கட்டடங்கள். 1960களில், நகரத்தில் நல்ல உத்தியோகம் பார்க்கும் தனி ஆட்களை மனத்தில் வைத்துக் கட்டியவையாம். கட்டியவர்கள் ஏமாறவில்லை. நாங்களும் தனி ஆட்கள்தான். ஓர் அறைக்குள் ஆறேழு தனி ஆட்கள். பகல் வேலைக்காரன் எழும்ப இரவு வேலைக்காரன் படுப்பான். மெத்தை ஆறினதாகச் சரித்திரமில்லை.

அந்த வீட்டில் ஒரு கறுப்புக் கோட் இருந்தது. யாரோ பழைய உடுப்புக் கடையில் வாங்கியது. வழக்கறிஞரிடம் போகிறவனும், விசாரணைக்குப் போகிறவனும் அதைத்தான் போட்டுக்கொண்டு போவான். தோள் ஒருவனுக்குத் தொங்கும், ஒருவனுக்கு இறுக்கும். எங்களில் சிலருடைய கேஸ் இழுபட்டது, சிலருடையது நிராகரிக்கப்பட்டது. ஆனால் அந்தக் கோட்டுக்கு மட்டும் எத்தனையோ தடவை அகதி அந்தஸ்துக் கிடைத்தது.

பெரிய பிரச்சினை சாப்பாடு. கடையில் வாங்கும் மஞ்சள் நிறத் தூள் எதற்கும் உதவாது என்று முதல் கிழமையே தீர்ப்பாகிவிட்டது. செத்தல் மிளகாயும் மல்லியும் சின்னச் சீரகமும் வாங்கி நாங்களே வறுத்து இடிப்பது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமை அதற்கென்று ஒதுக்கிய நாள். முதலில் ஒருவன் கதிரையில் ஏறிப் புகை காட்டும் கருவியைப் பொலித்தீன் பையால் கட்டுவான். அடுத்தவன் ஈரத் துவாயைக் கதவின் அடியில் செருகுவான். பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, குளிருக்குள் ஜக்கெற்றுடன் நின்று பத்திரிகைத் தாளால் புகையை வெளியே விசுக்குவது மூன்றாமவன் பொறுப்பு. இத்தனை ஒழுங்கும் செய்தபின் மிளகாய் தாச்சியில் விழும். ஐந்தாவது நிமிடம் முழு மாடியும் தும்மும்.

ஒருநாள் கதவின் கீழால் ஒரு கடிதம் வந்தது. எங்களில் ஆங்கிலம் உள்ளவன் வாசித்து மொழிபெயர்த்தான்: கடுமையான சமையல் மணம் பற்றி அயலவர்கள் முறையிட்டிருக்கிறார்கள், தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும். கூட்டம் கூடி ஆலோசித்தோம். அயலவர்கள் நித்திரையாக இருக்கும் நேரத்தில், அதாவது நடுச்சாமத்தில் வறுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சாமம் பொலித்தீன் பை கட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மணி அடித்தது. கட்டடம் முழுவதும் படியால் இறங்கி ஸ்னோவுக்குள் நின்றது. நாங்கள் சாரத்துடன் நின்றோம். கோடரியும் குழாயுமாக ஏறிப்போன தீயணைப்பு வீரர்கள் கடைசியில் கொண்டுவந்து காட்டியது ஒரு தாச்சி கருகின மல்லி. அயலிலிருந்த கிழவியொருத்தி என்னுடைய வெறுங்காலைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்துத் துணியைக் கழற்றித் தந்தாள். முறைப்பாடு எழுதியதும் அவள்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இன்று எங்கள் ஆட்கள் மார்க்கமிலும் ஏஜக்ஸிலும் கட்டியிருக்கிற வீடுகளில் குசினி இரண்டு. மேலே இருப்பது கிரனைற் பலகையும் உருக்கு அடுப்பும் பதித்தது, விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்கு. கீழேயோ கராஜுக்குள்ளோ இருக்கும் பழைய அடுப்பில்தான் சமையல். மீன் பொரிப்பது கட்டாயம் கராஜில். திரைச்சீலையில் பிடித்துவிடுமாம், பிள்ளைகளின் ஜக்கெற்றில் மணக்குமாம். அந்நாளில் அயலவர் எழுதி அனுப்பிய கடிதத்தை இப்போது எங்களுக்கு நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். ஊரில் ஆசிரியராக, வங்கி எழுதுவினைஞராக, தபாலதிபராக இருந்தவர்கள் இங்கே வந்து முதலில் செய்தது கோப்பை கழுவினது. உணவகத்தின் பின்பக்கம், நீராவிக்குள், முழங்கைவரை சவர்க்கார நுரை. அம்மாவுக்கு நீலநிற விமானத் தபாலில் எழுதியது வேறு மாதிரி: "ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. சாப்பாடும் அவர்களே தருகிறார்கள். வெயில் படாத வேலை." ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மா அதைச் சந்தையில் சொல்லும்போது மகன் ஹோட்டல் நடத்துகிறான் என்று ஆகிவிட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இன்று மகன் வீட்டின் மேலறையில், இரவு உடுப்புடன் கணினி முன்னால் இருந்து வங்கியொன்றுக்கு ஏதோ செய்கிறான். என்ன செய்கிறான் என்று கேட்டால் விளங்கப்படுத்துகிறான். விளக்கம் முடிந்தபிறகு முதல் தெரிந்ததும் குழம்பிவிடுகிறது. என் மாமி இருந்த காலத்தில் நாள்தோறும் கேட்பார்: "பெடியனுக்கு இண்டைக்கும் லீவோ?" நான் செய்த வேலையை ஊருக்குச் சொல்ல முடியவில்லை, அவன் செய்யும் வேலையை ஊருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தது 90களின் தொடக்கத்தில், கேஸ் முடிந்து ஸ்பொன்சர் செய்தபிறகு. அதற்கு முன் நான் அனுப்பிய படம் ஒன்றில் சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்துகொண்டு நின்றேன். அந்நாளில் வந்த எல்லோரிடமும் அப்படியொரு படம் இருக்கும். கார் தெருவில் நின்றது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. விமான நிலைய வாசலில் வந்து நின்ற மனைவி கேட்ட முதல் கேள்வி, "கார் எங்கை நிக்குது?"

"பஸ்ஸிலை போவம். பிறகு ட்ரெயின். பிறகு ட்ராம்."

"அப்ப படத்திலை?"

"அது வெயில் காலத்திலை எடுத்தது" என்றேன். நல்லவேளை, குளிரில் பல் கிடுகிடுத்ததால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அவ்வப்போது தவணை மட்டும் வருகிறது.

மகள் பள்ளிக்கூடத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே வீட்டின் வெளிவிவகார அமைச்சராகிவிட்டாள். டொக்டரிடம், வங்கியில், வரிக் காரியாலயத்தில் எல்லாம் அவள்தான் மொழிபெயர்ப்பு. பெற்றார் கூட்டத்தில் ஆசிரியை முகத்தைச் சுழித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். மகள் எங்களிடம் திரும்பி, "ரீச்சர் சொல்லுறா, நான் நல்லாப் படிக்கிறனாம், கொஞ்சம் கூடக் கதைக்கிறனாம்" என்றாள். நாங்கள் எழுந்து நின்று நன்றி சொன்னோம். ஆசிரியை திகைத்துப்போனார்.

இப்போது அந்த மகள், சனிக்கிழமை காலைகளில் தன் பிள்ளையைக் காரில் ஏற்றித் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோகிறாள். பேரன் திருக்குறள் மனனப் போட்டியில் பரிசு எடுத்தவன். குறளை மூச்சுவிடாமல் சொல்வான். கருத்தைக் கேட்டால் ஆங்கிலத்தில் சொல்வான். சோறு வேண்டுமா என்று தமிழில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். ஒன்றைச் சொல்லவேண்டும்: ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க, எங்கள் சனம் காசு சேர்த்து 2021இல் முப்பது இலட்சம் டொலர் இலக்கை எட்டியது. கோப்பை கழுவிய கைகளும் அதில் போட்டன. பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் பிடித்தாயிற்று. இனி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிடிக்கவேண்டும். அதற்கு நிதி சேர்ப்பதில் பயனில்லை.

தொலைபேசிக் கதை தனிக் கதை. யுத்தத்தினால் 90களில் யாழ்ப்பாணத்துக்குத் தொடர்பு அறுந்துபோயிருந்தது. அம்மாவோடு கதைக்கவேண்டுமென்றால் அவர் கிளாலிக் கடலோ காடோ கடந்து வவுனியா வந்து, பாஸ் எடுத்து, கொழும்பு வெள்ளவத்தையில் லொட்ஜ் ஒன்றில் தங்கவேண்டும். அங்கே ரெலிபோனைச் சுற்றிப் பத்துக் குடும்பம் காத்திருக்கும். நிமிடத்துக்கு இத்தனை டொலர் என்று இங்கே எனக்கு வியர்க்கும். "எல்லாரும் சுகமோ?" "ஓம், நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ?" "நாங்களும் சுகம்." "சாப்பிட்டியோ?" "ஓம்." அதற்குள் காசு முடிந்துவிடும். பிறகு சுரண்டி இலக்கம் பார்க்கும் அட்டைகள் வந்தன. அட்டையில் போட்ட நிமிடங்களுக்கும் கதைத்த நிமிடங்களுக்கும் உறவு இருந்ததில்லை. காசு அனுப்ப உண்டியல்காரர் இருந்தார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. இங்கே கொடுத்தால் அங்கே வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

இன்று கைக்குள் ரெலிபோன், அழைப்பு இலவசம். குடும்பத்துக்கென்று வட்சப் குழு. அதில் ஆறு நாட்டு உறவுகள். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. காலையில் பூப் போட்ட வணக்கம், இரவில் கும்பிடும் கை. அழைக்கவேண்டுமென்றால் முதலில் நேரம் கேட்டுச் செய்தி போடவேண்டும். போன ஆவணியில் தங்கச்சிக்கு யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன். "அண்ணா, நல்லூர்த் தேர் லைவ் போகுது, பிறகு எடுங்கோ" என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டிலிருந்து நல்லூருக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். அவள் வீட்டிலிருந்தபடி லைவ் பார்க்கிறாள். அதே லைவை நான் ஸ்காபரோவில் பார்க்கிறேன். தூரம் உண்மையாகவே குறைந்துவிட்டது.

கறிவேப்பிலைக்கு அந்நாளில் ஜெராட் வீதி இந்தியச் சந்தைக்குப் போகவேண்டும். நாலு நெட்டு ஒரு பையில். தங்கம் வாங்கினவன் மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ட்ராமில் வருவோம். இன்று ஸ்காபரோக் கடைகளில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் முருங்கையிலையும் கிடைக்கின்றன. விளைமீன், பாரை, அறக்குளா என்று தமிழில் பெயரெழுதி ஐஸில் அடுக்கியிருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மைத்துனரைப் பெருமையோடு கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "உதெல்லாம் அங்கை இருக்கு அத்தான், மலிவும். வேறை ஏதும் காட்டுங்கோ" என்றார். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டுபோனேன்.

வீடு வாங்கினது சீட்டால். வங்கி எங்களைப் பார்த்துச் சிரித்த காலத்தில் எங்களை நம்பியது சீட்டுத் தாச்சிதான். மாதத்தில் ஒரு ஞாயிறு யாரோ ஒருவர் வீட்டில் கூடிக் கூறுவோம். அவசரக்காரன் கழிவு கூடக் கொடுத்து எடுப்பான். அப்படி எடுத்த காசுதான் பலருக்கு முதல் வீட்டின் முன்பணம். இடையில் தாச்சி காணாமல்போன சீட்டுகளும் உண்டு. அந்தக் கதைகளைச் சொல்லத் தொடங்கினால் கோப்பிக் கடையே அழும். வெல்லஸ்லியிலிருந்து ஸ்காபரோ, ஸ்காபரோவிலிருந்து மார்க்கம், அங்கிருந்து ஏஜக்ஸ் என்று சனம் விலகி விலகிப் போனது. தமிழருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று முதலில் வந்தோம். தமிழர் கூடிப்போச்சு என்று பிறகு நகர்ந்தோம். நகர்ந்த இடத்தில் பார்த்தால் அயலவர் தமிழர்.

நாங்கள் ஸ்காபரோவுக்கு வேலை முடிந்து வந்த சின்ன ரயில் 1985இல் ஓடத் தொடங்கியது. 2023 ஆடியில் ஒரு பெட்டி தடம் புரண்டதோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது பதிலுக்குப் பஸ். எங்களுக்குச் சற்று முன் வந்து, எங்களைப் போலவே குளிருக்குப் பயந்து, எங்களோடு சேர்ந்து ஓய்வெடுத்த ஒரே அரச உத்தியோகத்தர் அந்த ரயில்தான்.

கோயில் என்றால் முதலில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார்தான். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர நடை சாத்திவிடும். இன்று கார் திருத்தும் கடைக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவில் கோபுரமில்லாத கோயில்கள் எத்தனையோ. கோடையில் பொலிஸ் வாகனம் முன்னால் போகத் தேர் வீதியுலா வருகிறது. சுவாமிக்குச் சிவப்பு விளக்கில்லை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அப்படித்தான் பெருகின. ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம் என்று தொடங்கும்; இரண்டாவது பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பார்கள்; மூன்றாவது வருடம் இரண்டு சங்கம் இருக்கும். இரண்டும் வெவ்வேறு மண்டபத்தில் ஒரே சனிக்கிழமை இராப்போசனம் வைக்கும். இரண்டுக்கும் ரிக்கெற் எடுக்காவிட்டால் பகை.

கொண்டாட்டங்களைக் கேட்கவேண்டாம். ஊரில் சாமத்தியவீடு என்றால் முற்றத்தில் பந்தல், மாமிமார் தண்ணீர் வார்ப்பார்கள், அயலட்டைக்குப் பலகாரம். இங்கே பிள்ளை குதிரை வண்டியில் வந்து இறங்கும். ஹெலிகொப்ரரில் இறங்கின கதையும் உண்டு. ஊரில் பணம் இருந்தவர் செய்யாததை இங்கே கடன் இருக்கிறவர் செய்கிறார். வந்தவர்கள் காசுக் கவரைப் பெட்டியில் போட்டு, பிள்ளையுடன் நின்று படமெடுத்து, சாப்பாட்டில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டு காருக்குப் போவார்கள்.

இவ்வளவு பகிடிக்கும் நடுவில் ஒரு நாளைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் சனம் சட்டத்துக்கு அப்படிப் பயந்தது. வெறும் தெருவிலும் விளக்கு மாறும்வரை காத்துநிற்கும். பொலிஸ்காரரைக் கண்டால் காரணமில்லாமல் சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கும். அந்தச் சனம், 2009 மே 10ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம், தள்ளுவண்டியில் குழந்தைகளோடு கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி நின்று வாகனங்களை மறித்தது. நாடு எங்களை அன்றுதான் உற்றுப் பார்த்தது. பார்த்தவர்களில் பலர் போக்குவரத்து நெரிசலைத்தான் பார்த்தார்கள்.

2011இல் ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். 2016இல் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றது. சிறுவயதில் அகதியாக வந்த ஹரி ஆனந்தசங்கரி 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லையில் நின்று எங்களைக் கேள்வி கேட்கிற சேவை அந்த அமைச்சின் கீழ்தான் வருகிறது. நாட்டுக்கு வந்து ஒரு வருடம் கழித்து அகதிக் கோரிக்கை வைப்பவர்களுக்கு வழியை இறுக்கும் ஏற்பாடு அடங்கிய சட்டமூலத்தை அதே வருடம் ஜூனில் நாடாளுமன்றத்தில் வைத்தவரும் அவரே. கோப்பிக் கடையில் அன்று இரண்டு கட்சி. ஒரு கட்சி, "எங்கடை பெடியன் அமைச்சர்" என்றது. மற்றக் கட்சியும் அதைத்தான் சொன்னது, வேறு குரலில்.

ஆனால் வழியை இறுக்கக் கோப்பிக் கடைச் சபைக்கு அமைச்சர் சொல்லித்தரத் தேவையில்லை. 2010இல் சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோதே, "இவையள் வரிசையிலை வந்திருக்கலாம்" என்று சொன்ன வாய்கள் எங்களிடம் இருந்தன. நாங்கள் எந்த வரிசையில் நின்று வந்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது படிக்க வரும் மாணவர்கள்மேல் பாய்ச்சல். ஒரு பேஸ்மென்றுக்குள் எட்டுப் பேராம், குப்பையை நேரத்துக்கு வைக்கிறதில்லையாம், இரவிரவாகச் சமைக்கிறார்களாம். 2024 தையில் அரசாங்கம் மாணவர் அனுமதிக்கு வரம்பு கட்டியபோது மிகவும் சந்தோஷப்பட்டவர்களில் அந்த மாணவர்களுக்கே பேஸ்மென்ற் வாடகைக்கு விட்டவர்களும் இருந்தார்கள். பிறகு வாடகைக்கு ஆள் வரவில்லை என்று கவலைப்பட்டதும் அவர்களே.

போன மாதம் என் மச்சான் ஒரு கடதாசியோடு வந்தார். இலவசத் தமிழ் வாரப் பத்திரிகைக்கு விளம்பரம். எழுத்துப் பிழை பார்த்துத் தரட்டாம். நான் வாசிக்க மனைவி தேத்தண்ணீரோடு வந்து நின்றாள்.

"மார்க்கமில் பேஸ்மென்ற் வாடகைக்கு. தனி வாசல். அமைதியான இருவர் மட்டும். விருந்தாளிகள் தங்கக்கூடாது. கடுமையான மணமுள்ள சமையல் தவிர்க்கப்படவேண்டும்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மச்சான் 1988இல் வந்தவர். நான் படுத்து எழும்பிய அதே மெத்தையில் படுத்தவர்.

"கடைசி வரி ஏன் தம்பி?" என்றாள் மனைவி.

"இல்லை அக்கா, இப்ப வாற ஆக்கள் தூள் வறுக்கினம். வீடு முழுக்க மணக்குது. மேலை நாங்கள் இருக்கேலாது."

"அப்ப நீங்கள் மீன் பொரிக்கிற கராஜை வாடகைக்கு விடுங்கோ. அங்கை ஏற்கனவே மணக்குது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரை வைத்தாள். மச்சான் சிரித்தார். கடைசி வரியை வெட்டினார். பிறகு வாடகையை ஐம்பது டொலர் கூட்டினார்.

பேஸ்மென்ற் வைத்திருக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. வாடகையை முதலாம் திகதி வாங்குங்கள், ரசீது கொடுங்கள். குளிர் தொடங்கமுன் ஹீற்றரைத் திருத்திக் கொடுங்கள். புகை காட்டும் கருவிக்குப் புது பற்றரி போட்டு, அடுப்புக்கு மேலே நல்ல காற்றாடியொன்று பூட்டுங்கள். அதன்பிறகு அவர்கள் எதை வறுத்தாலும் வறுக்கட்டும்.